ஃப்ரீ சர்வீஸ்னு சொன்னாங்க... பில் ஏன் ஆயிரத்தைத் தாண்டுது? பைக் பராமரிப்பில் எதை நாமே செய்யலாம், எதை ஷோரூமில் விடணும்? முழு விவரம்

புது பைக் வாங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஷோரூமில் இருந்து போன் வரும்: "சார், ஃபர்ஸ்ட் ஃப்ரீ சர்வீஸ் டியூ ஆகிடுச்சு." காலையில் வண்டியை விட்டுவிட்டு மாலையில் எடுக்கப் போனால் கையில் ஒரு பில். ஆயில், கன்ஸ்யூமபிள்ஸ், செயின் லூப், பாலிஷ் என வரிசையாக எழுதி, கூட்டுத்தொகை ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருக்கும். "ஃப்ரீன்னு தானே சொன்னீங்க?" என்று கேட்டால், "லேபர் மட்டும்தான் சார் ஃப்ரீ" என்பார்கள்.

அடுத்த முறை பலர் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போய்விடுகிறார்கள். இன்னும் சிலர் வீடியோ பார்த்துவிட்டு வீட்டு வாசலிலேயே ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். பணம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் தவறான இடத்தில் மிச்சம் பிடித்தால் வாரண்டி போகலாம், பிரேக் பிடிக்காமலும் போகலாம். எந்த வேலையை யாரிடம் கொடுப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

ஃப்ரீ சர்வீஸில் எது ஃப்ரீ?

ஃப்ரீ சர்வீஸ் கூப்பனில் இலவசம் என்பது வேலைக்கூலி மட்டுமே. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், வாஷர், கிரீஸ் போன்ற பொருட்களுக்கு வாடிக்கையாளர்தான் பணம் கொடுக்க வேண்டும். வண்டியுடன் தரும் சர்வீஸ் புத்தகத்திலேயே இது எழுதியிருக்கும். நாம்தான் படிப்பதில்லை.

ஒவ்வொரு கூப்பனிலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கிலோமீட்டர், இன்னொன்று நாட்கள். இதில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. "வண்டி இன்னும் அவ்வளவு தூரம் ஓடலையே" என்று நாட்களைத் தவறவிட்டால் கூப்பன் காலாவதியாகிவிடும். ஃப்ரீ சர்வீஸ்களை உரிய நேரத்தில் செய்திருக்க வேண்டும் என்பது வாரண்டி நிபந்தனைகளில் வழக்கமாக இடம்பெறும் ஒன்று. அதனால் பில் எவ்வளவு கடுப்பேற்றினாலும் ஃப்ரீ சர்வீஸ்களை மட்டும் ஷோரூமில் முடித்துவிடுவதே நல்லது.

பில்லை எப்படிப் படிக்கணும்?

சர்வீஸ் பில்லில் வரும் வரிகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். கணக்கு புரிவதற்காக 100 முதல் 125 சிசி வண்டிக்கு ஒரு மாதிரி பில் இதோ. ஊருக்கும் வண்டிக்கும் ஏற்ப தொகை மாறும்.

கட்டாயம்: இன்ஜின் ஆயில் 400 ரூபாய், டிரெய்ன் போல்ட் வாஷர் 15 ரூபாய், லேபர் 400 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 72 ரூபாய்.

கேட்டு முடிவு செய்ய வேண்டியது: செயின் கிளீனிங் மற்றும் லூப் 100 ரூபாய், கன்ஸ்யூமபிள்ஸ் 80 ரூபாய்.

வேண்டாம் என்று சொல்லக்கூடியது: இன்ஜின் ஃப்ளஷ் 300 ரூபாய், டெஃப்லான் கோட்டிங் அல்லது பாலிஷ் 400 ரூபாய்.

எல்லாம் சேர்த்தால் 1,767 ரூபாய். கடைசி இரண்டையும் வேண்டாம் என்றால் 1,067 ரூபாய். ஒரே வார்த்தையில் 700 ரூபாய் மிச்சம். இதே பில் ஃப்ரீ சர்வீஸில் வந்தால் லேபரும் அதற்கான வரியும் போய் 1,295 ரூபாய் ஆகும். 'இலவசம்' ஆயிரத்தைத் தாண்டுவது இப்படித்தான். கடைசி இரண்டு வரிகளை நீக்கினால் 595 ரூபாய்தான்.

ஆக, பெரிய மிச்சம் எப்போதும் லேபரில் இல்லை. பில்லின் அடியில் சத்தமில்லாமல் சேரும் கூடுதல் வரிகளில்தான் இருக்கிறது. ஒரு வேலை தேவையா இல்லையா என்பதை முடிவு செய்ய எளிய வழி, ஓனர்ஸ் மேனுவலில் உள்ள பராமரிப்பு அட்டவணை. எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்றணும், எதைச் சோதிக்கணும் என்று அதில் கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்த அட்டவணையில் இல்லாத வேலையை யாராவது பரிந்துரைத்தால், "எதுக்கு இது?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் என்னென்ன வேலை, தோராயமாக எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். "கூடுதலா எது செய்றதா இருந்தாலும் போன் பண்ணிக் கேட்டுட்டு செய்யுங்க" என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பார்ட்ஸ் மாற்றியிருந்தால் பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வரி விஷயத்திலும் ஒரு மாற்றம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பைக் ஸ்பேர் பார்ட்ஸுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் இன்னும் 28 என்று இருந்தால் விடாதீர்கள். அதேபோல, டப்பாவில் அச்சிட்ட எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் தனியாக ஜிஎஸ்டி போட முடியாது.

வெளியில் சர்வீஸ் விட்டால் வாரண்டி போயிடுமா?

வாரண்டி கையேட்டில் எழுதியிருப்பதுதான் இதற்கான பதில். வாரண்டி காலமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 3 ஆண்டு, 5 ஆண்டு என வெவ்வேறாகத் தருகிறார்கள். அந்தக் காலத்தில் பீரியாடிக் சர்வீஸை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் செய்ய வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. இன்ஜினில் பெரிய கோளாறு வரும்போது சர்வீஸ் பதிவுகளைத்தான் முதலில் கேட்பார்கள்.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்கணும். பிரேக் ஷூ, பிரேக் பேட், கிளட்ச் பிளேட், செயின் ஸ்ப்ராக்கெட், கேபிள், பல்ப் என ஓட ஓடத் தேயும் பொருட்கள் பொதுவாக வாரண்டிக்குள் வருவதில்லை. "வாரண்டி இருக்கே" என்று இவற்றுக்குப் போய் நின்றால் ஏமாற்றம்தான்.

வெளியில் ரிப்பேர் செய்யும் உரிமை குறித்து நாட்டில் நீண்டநாளாகவே விவாதம் நடக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுதுநீக்கும் தகவல்களையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது கார்கள் தொடர்பான வழக்கு. பிறகு மேல்முறையீட்டுக்கும் போனது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட துறைகளில் ஆட்டோமொபைலும் ஒன்று. ஆனாலும் நாளை காலை உங்கள் வாரண்டியைத் தீர்மானிக்கப்போவது உங்கள் கையேட்டில் உள்ள நிபந்தனைகள்தான். எனவே வாரண்டி முடியும் வரை பீரியாடிக் சர்வீஸை ஷோரூமில் செய்து, கூடுதல் வரிகளை மட்டும் மறுப்பது பாதுகாப்பான வழி.

பிஎஸ்6 வண்டி: தெரு மெக்கானிக்கால் முடியுமா?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 விதி வந்தது. அதன்பிறகு கார்புரேட்டர் போய், பெரும்பாலான பைக்குகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. முன்பு ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'டியூனிங்' செய்த மெக்கானிக், இப்போது சென்சார்களையும் இசியூவையும் எதிர்கொள்கிறார். மீட்டரில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு தொடர்ந்து எரிந்தால், ஸ்கேனர் கருவியை மாட்டி எரர் கோடைப் படித்தால்தான் கோளாறு எதில் என்று சரியாகத் தெரியும். ஸ்கேனர் இல்லாமல் சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது உங்கள் பணத்தில் நடக்கும் பரிசோதனை.

அதற்காகத் தெரு மெக்கானிக்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆயில் மாற்றுவது, செயின் செட் மாற்றுவது, பிரேக் ஷூ, கேபிள், பேரிங் போன்ற வேலைகளில் 20 வருட அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கின் கை நம்பகமானது. கண்ணெதிரே வேலை நடக்கும் என்பது இன்னொரு பலம். டெலிவரி வேலை பார்ப்பவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். வண்டி ஒரு நாள் முழுக்க ஷோரூமில் நின்றால் சர்வீஸ் பில்லோடு அன்றைய வருமானமும் போகும். மெக்கானிக் கடையில் அதே வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆயில்: அதிகம் பேர் தடுமாறும் இடம்

விலை குறைவு என்று கார் ஆயிலை பைக்கில் ஊற்றுவது பெரிய தவறு. பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. உராய்வைக் குறைக்கும் கூட்டுப்பொருள் கலந்த கார் ஆயில் உள்ளே போனால் கிளட்ச் வழுக்கும். ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் சத்தம்தான் ஏறும், வேகம் ஏறாது.

அதனால்தான் பைக் ஆயில் டப்பாவில் 'ஜாஸோ' என்ற ஜப்பானியத் தரக்குறியீடு இருக்கும். எம்ஏ, எம்ஏ2 வகைகள் ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கு. எம்பி வகை பொதுவாக ஸ்கூட்டர்களுக்கு. இதிலும் விதிவிலக்குகள் உண்டு. அதனால் கடைக்காரர் சொல்வதை விட மேனுவல் சொல்வதே இறுதி. 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 போன்ற எண்களுக்கும் அதே விதிதான். கெட்டியான ஆயில்தான் நல்ல ஆயில் என்பது தவறான நம்பிக்கை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? இங்கேதான் ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். டெலிவரி வேலையில் ஒருவர் தினமும் 80 கிலோமீட்டர், மாதம் 25 நாட்கள் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் 8 ஆயில். 6,000-க்கு ஒருமுறை என்றால் 4 ஆயில். ஒரு ஆயில் 400 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,600 ரூபாய் வித்தியாசம். மேனுவல் 6,000 என்று சொல்லும்போது பழக்கத்துக்காக 3,000-ல் மாற்றுவது வீண் செலவு. மேனுவல் 3,000 என்று சொல்லும்போது 6,000 வரை இழுப்பது இன்ஜினுக்கு வேட்டு. தினமும் 20 கிலோமீட்டர் மட்டும் ஆபீஸ் போய் வருபவருக்கு கிலோமீட்டர் நிறைவதற்குள் நாட்கணக்கு முடிந்துவிடலாம். அவர் காலண்டரைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய 5 வேலைகள்

1. டயர் காற்று: வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். எவ்வளவு பிஎஸ்ஐ என்பது மேனுவலிலோ வண்டியில் உள்ள ஸ்டிக்கரிலோ இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குத் தனி அளவு. பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டும். டயர் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

2. செயின்: திறந்த செயின் என்றால் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து லூப் அடிக்கலாம். மழையில் நனைந்தால் அன்றே செய்யணும். செயினின் கீழ்ப்பகுதி நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தால் பல கம்யூட்டர் பைக்குகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கும். சரியான அளவு மேனுவலில் உண்டு. ஒரு எச்சரிக்கை: இன்ஜினை ஓடவிட்டு செயினைச் சுத்தம் செய்யவே கூடாது. துணி மாட்டினால் அடுத்த நொடி விரல் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் மெயின் ஸ்டாண்ட் போட்டு, வீலைக் கையால் சுற்றுங்கள்.

3. ஆயில் அளவு: வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்த வேண்டும். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் தவறான அளவு காட்டும். ஸ்டிக்கை முறுக்காமல் வைத்துப் பார்க்கணுமா, முறுக்கியா என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

4. பிரேக்கைப் பார்ப்பது: பார்ப்பது மட்டும்தான், பிரிப்பது அல்ல. டிரம் பிரேக்கில் பெடலை முழுதாக மிதிக்கும்போது அம்புக்குறி எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டால் ஷூ முடிந்தது. டிஸ்க் பிரேக்கில் பிரேக் ஆயில் கிண்ணத்தின் கண்ணாடியில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போனால், மேலே ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டாதீர்கள். பேட் தேய்ந்திருக்கும் அல்லது எங்காவது கசிவு இருக்கும்.

5. கழுவுவது: பிரஷர் வாட்டர் வாஷில் வீல் பேரிங், சைலன்சர் வாய், வயரிங் பக்கம் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. ஷாம்பு, வாளித் தண்ணீர், பழைய பனியன் துணி போதும். பளபளப்புக்காக டீசல் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரப்பர் பாகங்கள் கெடுவதோடு, டிஸ்க்கில் ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் வழுக்கும்.

ஏர் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை: பல வண்டிகளில் இப்போது வருவது ஆயில் பூசிய பேப்பர் ஃபில்டர். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது. குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்ற மட்டுமே வேண்டும். புழுதிச் சாலையில் ஓட்டுபவர்கள் கொஞ்சம் முன்னதாகவே மாற்றலாம்.

ஆயிலை நாமே மாற்றலாமா?

வாரண்டி முடிந்த வண்டி என்றால் மாற்றலாம். ரிங் ஸ்பேனர், பழைய டிரே, புனல், புது வாஷர் போதும். இன்ஜினை 2, 3 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடிய விடணும். புது வாஷருடன் போல்ட்டை மாட்டி, மேனுவல் சொன்ன அளவு ஆயிலை ஊற்றி, மறுபடி சிறிது நேரம் ஓடவிட்டு அளவைச் சரிபார்க்கணும். சைலன்சரும் ஆயிலும் சூடாக இருக்கும், கை பத்திரம்.

பெரும்பாலானோர் சொதப்புவது போல்ட்டை மூடும்போதுதான். இன்ஜின் உடல் அலுமினியம். பலத்தைக் காட்டி முறுக்கினால் உள்ளே மரை போய்விடும். 200 ரூபாய் கூலியை மிச்சம் பிடிக்கப்போய் ஆயிரக்கணக்கில் லேத் வேலைக்குக் கொடுக்க வேண்டிவரும். போல்ட் உட்கார்ந்ததும் அளவாக இறுக்கினால் போதும்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். அது அபாயகரமான கழிவு. கேனில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுத்தால், அவர்கள் பேரலில் சேர்த்து வியாபாரிகளுக்குப் போடுவார்கள்.

தொடவே கூடாதவை எவை?

டிஸ்க் பிரேக்கைப் பிரிப்பது, பிரேக் ஆயில் மாற்றிக் காற்று எடுப்பது, ஏபிஎஸ் தொடர்பான எதுவும், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் லைன், முன் ஃபோர்க், வயரிங்கை வெட்டி ஹாரன், லைட் சேர்ப்பது ஆகிய வேலைகளை அனுபவமில்லாதவர்கள் செய்யக் கூடாது. பிரேக் லைனில் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அது வீட்டு வாசலில் தெரியாது. மேம்பாலம் இறங்கும்போது முன்னால் பஸ் பிரேக் அடித்தால்தான் தெரியும்.

செயினை டைட் செய்பவர்களும் இதைக் கவனிக்கணும். பின் வீல் நகரும்போது இரண்டு பக்கமும் கோடுகள் ஒரே அளவில் நிற்க வேண்டும். பின்னால் டிரம் பிரேக் என்றால் வீலை நகர்த்தியதும் பெடல் ஆட்டமும் மாறிவிடும். அதையும் சரிசெய்யாமல் சாலைக்குப் போகக் கூடாது.

பார்ட்ஸ் வாங்கும்போது

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பார்ட்ஸ் மலிவாகக் கிடைக்கும். சீட் கவர், மிர்ரர், ஃபுட்ரெஸ்ட் ரப்பர் போன்றவற்றில் விலை பார்த்து வாங்குவதில் தவறில்லை. பிரேக் ஷூ, பேட், கேபிள், செயின் செட் மட்டும் நிறுவனப் பார்ட்டாகவோ பெயர் தெரிந்த தயாரிப்பாகவோ இருக்கட்டும். டப்பாவில் எம்ஆர்பி, தயாரிப்பு மாதம், பார்ட் எண் இருக்கிறதா என்று பார்த்து, பில் வாங்குங்கள். பில் இல்லாத பார்ட்டுக்குக் கேள்வி கேட்க முடியாது.

ஏமாற்றினால் யாரிடம் சொல்வது?

சொல்லாத வேலைக்குப் பணம் வாங்கினாலோ, மாற்றாத பார்ட்டை மாற்றியதாக எழுதினாலோ, முதலில் சர்வீஸ் மேலாளரிடமும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அடுத்தபடியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு இடத்திலும் ஜாப் கார்டும் பில்லும்தான் பேசும்.

சுருக்கமாக

ஃப்ரீ சர்வீஸ், வாரண்டி காலச் சர்வீஸ், சென்சார், ஏபிஎஸ் கோளாறு: ஷோரூம்.

வாரண்டி முடிந்தபின் ஆயில், செயின் செட், பிரேக் ஷூ, கேபிள்: நம்பிக்கையான மெக்கானிக்.

காற்று, செயின் லூப், ஆயில் அளவு, பிரேக் தேய்மானம் பார்ப்பது, கழுவுவது: நீங்களே.

செலவே இல்லாத ஒரு வேலையும் உண்டு. மொபைலில் ஒரு நோட் திறந்து, ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், கொடுத்த தொகை மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை "ஆயில் மாத்தணும் சார்" என்று யாராவது சொல்லும்போது, உண்மையிலேயே மாற்றணுமா என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.